கொடும்பாளூரில் நின்ற வண்டி

“டோல்கேட் இன்னும் எம்புட்டுத் தூரம் சார் இருக்கும்?” என்று டிரைவர் கேட்டார். குரலில் அவசரமோ சலிப்போ இல்லை. சாதாரணமாக வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் முன்னிருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். விராலிமலைப் பக்கத்து டோல்கேட்டைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அங்கே வரிசையில் நின்றதும், கம்பி உயர்ந்ததும், முந்திக்கொண்டு வந்த ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு அவர் வண்டியை எடுத்ததும் என் கண்முன்னால் நடந்தவை. எல்லாவற்றையும் செய்தவர் அவர்தான். செய்தது அவருக்குத் தெரியவில்லை. “தாண்டியாச்சேண்ணே” என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகி வெளுத்தன. பின்னிருக்கையில் மகளை மடியில் கிடத்தியிருந்த என் மனைவி, சாய்ந்திருந்தவள், மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அது பொங்கலுக்கு முந்தின நாள். அந்த வருடம் என் தங்கைக்குத் தலைப்பொங்கல். பொன்னமராவதிக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். அப்பா இல்லாததால் எங்கள் வீட்டில் சொல்லும் செயலும் பெரியப்பாவுடையவை. கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து எங்களோடு தங்கியிருந்தவர், “வெளக்கு வைக்கிறதுக்குள்ள சீரு வாசல்ல எறங்கிரணும், இல்லைனா அந்தப் புள்ளைதான் பேச்சு வாங்கும்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ரயிலிலும் பஸ்ஸிலும் இடமில்லை. டிராவல்ஸில் ஒரு வண்டி பிடித்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறினோம். ஊரே ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததால் செங்கல்பட்டைத் தாண்டவே மூன்று மணி நேரம் பிடித்தது. வெண்கலப் பானையும் பச்சரிசியும் வெல்லமும் பின்னால் இருந்தன. திருச்சி தாண்டி வாங்கிய கரும்புக்கட்டை வண்டியின் தலையில் கட்டியிருந்தோம்.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இலுப்பூர்ப் பக்கத்துக்காரர் என்று தெரிந்ததும் பெரியப்பாவுக்குப் பிடித்துப்போனது. வழியில் நானும் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மலைக்குப் போகும் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு அடுத்தடுத்து மூன்று நடை போய் வந்ததாகவும், கடைசி நடை இறக்கிவிட்ட அன்றே பாண்டிச்சேரிச் சவாரி வந்ததாகவும், அதை முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததாகவும் சொன்னார். “சீசன் சார். இந்த ஒரு மாசம் முதுகு சீட்டுலதான் இருக்கும்” என்றார். அதை நான் ஓர் அனுபவசாலியின் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெரம்பலூரில் டீ குடிக்க நின்றபோது ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். சட்டை முழுக்க நனைந்தது. தை பிறக்காத குளிரில் இதென்ன குளியல் என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஏழு நாளாகப் படுக்கையைப் பார்க்காத ஒருவரிடம் என் மகளையும் மனைவியையும் ஒப்படைத்திருக்கிறேன் என்பது அந்தச் சிரிப்பில் எனக்கு உறைக்கவில்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். வண்டி இடப்பக்கம் நழுவியது. சாலையோரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சக்கரங்கள் சரளையில் ஏறித் தடதடத்தன. முன்னால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரின் முதுகு கண்ணாடி முழுவதையும் நிறைத்தது. நான் கத்தினேனா, ஸ்டியரிங்கில் கை வைத்தேனா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. வண்டி ஒரு வெட்டு வெட்டிச் சாலைக்குத் திரும்பியது. சைக்கிள்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கொடும்பாளூர் வந்ததும் டிரைவர் கோயிலுக்குப் போகும் கிளைச்சாலையில் திருப்பி, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து சாவியை என் மனைவியிடம் நீட்டினார். “தங்கச்சி, இத நீங்க வச்சுக்கங்க. ஒரு மணி நேரம் நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

பெரியப்பா இறங்கி வந்துவிட்டார். மணி மூன்று. “ஏம்ப்பா, இங்கிட்டு எதுக்கு நிப்பாட்டுன? இன்னும் ஒரு மணி நேர ஓட்டம்தான. போயிப் படுத்துக்க வேண்டியதுதான?”

“அய்யா, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கியிருக்கேன். டோல்கேட்டத் தாண்டுனது எனக்குத் தெரியல. இதுக்கு மேல ஓட்டுனா எல்லாரையும் கொன்னுருவேன்.”

பெரியப்பா முதலாளிக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். ஸ்பீக்கரில் முதலாளியின் குரல் மரத்தடி முழுக்கக் கேட்டது. கஸ்டமரை நடுவழியில் இறக்கிவிட்டுத் தூங்குகிறாயா, வண்டியை எடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம். டிரைவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். போன் நின்றதும் என் மனைவியிடம் போனார். “குடுங்க தங்கச்சி. மெதுவா ஓட்டிப் போயிர்றேன்” என்றார். நான் அப்போது செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. “சரி, குடு, நான் ஓட்டுறேன்” என்று நானும் கை நீட்டினேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். “நேத்து நீங்க படுத்தப்ப மணி ரெண்டு. நாலு மணிக்கு நான்தான எழுப்புனேன்? இந்த வண்டியில நல்லாத் தூங்குனவரு பெரிய மாமா ஒருத்தர்தான். அவருக்கு ஓட்டத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, சாவியைக் குழந்தையின் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு டிரைவரிடம், “படுங்கண்ணே. மொதலாளி கெடக்காரு” என்றாள். பெரியப்பாவின் முன் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டிரைவர் ஒரு துண்டை விரித்து வேப்பமரத்தடியில் படுத்தார். படுத்த கணமே தூங்கிவிட்டார். அதற்குப் பிறகான நேரம்தான் அந்தப் பகலின் நீளமான பகுதி. தங்கை மூன்று முறை கூப்பிட்டாள். “எங்கிட்டு வாரீங்கண்ணே?” என்று முதலில் கேட்டாள். மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி, “அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்குறாக” என்றாள். பெரியப்பா டீக்கடைப் பக்கம் போய், வண்டி ஓட்டத் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிவந்தார். பத்தடி தள்ளி வரும்போதே அவரிடம் வாடை அடித்தது. பண்டிகை அல்லவா. என் மனைவி அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஆனதும் பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. எழுப்பப் போனார். நானும் பின்னால் போனேன், தடுக்கவா துணைக்கா என்று எனக்கே தெளிவில்லாமல். டிரைவர் வாய் திறந்து கிடந்தார். இமைகள் முழுதாக மூடவில்லை. இடுக்கில் வெள்ளை தெரிந்தது. வலது கால் மட்டும் சும்மா இல்லை. சில நொடிக்கு ஒரு முறை குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதம் எதையோ அழுத்தியது. மண்ணில் அந்த இடம் குழிந்திருந்தது. தூக்கத்திலும் அவர் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வண்டிக்குத் திரும்பி, கதவைச் சாத்தாமல், கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் நேரத்தைக் கேட்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் தூங்கி, குழாயடியில் முகம் கழுவி வந்தார் டிரைவர். துவரங்குறிச்சி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. தங்கையின் மாமியார் “வாங்க” என்று சொன்ன விதத்திலேயே எல்லாம் தெரிந்தது. சீர் தாமதமானதற்கான பேச்சைத் தங்கை அடுத்த பொங்கல்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். கரும்பை இறக்கிவைத்துவிட்டு டிரைவர் கிளம்பும்போது யாரும் அவரிடம் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை, நான் உட்பட. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “என்ன சார் நடந்துச்சு?” என்று கேட்டார். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சுற்றிலும் சம்பந்தி வீட்டார் நின்றார்கள். “ஒண்ணுமில்ல, கொஞ்சம் லேட்டாயிருச்சு” என்றேன். அந்த வார்த்தை ஒரு மனிதரின் வேலைக்கு எதிராக நிற்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வருடம் பொங்கலுக்குச் சொந்தக் காரில் புறப்படுவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் நம்பர் எங்காவது இருக்குமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் தன் போனை எடுத்து உடனே காட்டினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நான் யார் என்று சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகச் சொன்னார். அன்று எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போதே திருச்சியில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம், இனி வர வேண்டாம் என்று மறுநாள் போனில் சொல்லிவிட்டார்களாம். “மொதல்ல தங்கச்சி மேலதான் கோவம் சார். குடுக்காதீங்கன்னு நான் சொன்னது சொன்னதுதான். ஆனா நானே வந்து கேட்டப்ப அவுக குடுத்திருந்தா வேலை போயிருக்காதேன்னு தோணுச்சு. ரெண்டு மாசம் அந்த நெனப்புலயே கெடந்தேன்.” பிறகு சிரித்தார். “ஆனா ஒண்ணு சார். பத்து வருசத்துல அந்தப் பொங்கலுக்குத்தான் வீட்டுல இருந்தேன். மாட்டுப் பொங்கலன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. எம் மக பயந்து போயி ரெண்டு தடவ மூக்குல கை வச்சுப் பாத்துருக்கா.”

நான் முதலாளியிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை அவர் சொல்லாதது எனக்கு நல்லதாகவே பட்டது.

“எப்ப சார் ஊருக்குக் கெளம்புறீங்க?”

“நாளைக்கு விடியக்காலம்.”

“யாரு ஓட்டுறா?”

“நான்தான்.”

“அப்ப என்ன சார் பேசிக்கிட்டு இருக்கீங்க. போயிப் படுங்க” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே போனை வைத்துவிட்டார்.