கறிவேப்பிலை மூட்டு மண்

தம்பியின் மேல் நான் பொறாமைப்படத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை; அவன் பிறந்ததே போதும். அதிலும் அத்தையை அவன் பிடுங்கிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தை அப்போது திருநெல்வேலியில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சனி ஞாயிறு தென்காசிக்கு வந்தால் என் பக்கத்தில்தான் படுப்பாள்.

அந்த வருஷச் சாரல் சமயத்தில் ஆராய்ச்சிக்கு மண் எடுக்க ஐந்தருவிக்குக் கிளம்பியவள், எனக்குத் தொண்டை வலி என்று என்னை விட்டுவிட்டு அவனைக் கூட்டிப் போனாள். மாதம் தவறாமல் வரும் வலி அது. அதற்கு ஒரு மருந்து, குடலைப் புரட்டும் கசப்பு. அம்மா ஊற்றியதும் வாயில் அடக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடி, கறிவேப்பிலைச் செடியின் அடியில், மூட்டில் துப்பிவிடுவேன். அவன் மட்டும் மண் கொடுப்பான், நான் பார்த்துக்கொண்டிருப்பேனாக்கும்? அதே மூட்டில் ஒரு டப்பா மண் அள்ளி அத்தையிடம் நீட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தை ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தாள். தட்டு முழுக்கக் கிருமி ஏடு படர்ந்திருக்க, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று. அதைச் சுற்றித் தெளிந்த வளையம். பொட்டும் ஒரு நுண்ணுயிர்தானாம். அதில் கசிகிற பாலிகீட்டைடு என்ற மருந்துப் பொருள் சுற்றியிருந்த கிருமியைக் கொன்றுவிட்டதாம். நான் துப்புகிற மருந்தும் அந்த இனம்தானாம்.

“அந்த மருந்த அது செய்யுதது பூக்கட்டுத மாதிரிதான். சின்னச் சின்னத் துண்டா கோத்துக்கிட்டே போயி, கடைசில ரெண்டு நுனியையும் முடிஞ்சு வளையமாக்கிரும்” என்றாள்.

அவன் அள்ளிய அருவி மண்ணில் வந்தது என்று தட்டின் மூடியில் தம்பி பெயர். என் மண்ணில் ஒன்றும் வரவில்லையாம். அவனை மடியில் வைத்துக் கொஞ்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் சாப்பிடப் போன சமயம் மூடியைத் திறந்து, கறிவேப்பிலை மூட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்த வளையத்தில் ஒரு சொட்டு விட்டு மூடிவைத்தேன். நாசமாய்ப் போகட்டும் என்றுதான் விட்டேன்.

தட்டோடு திரும்பிப் போன அத்தை ஒரு மாதம் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. வளையத்துக்குள் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதாம். மருந்துக்குச் சாகாமல், அந்த மருந்தின் முடிச்சை அவிழ்த்து, பூப்போல் கோத்த சங்கிலியையே தின்று வாழ்கிறதாம். அடிக்கடி மருந்து விழுந்து பழகிய மண்ணில் வருவது, அருவிக்கரை மண்ணில் எப்படி வந்தது என்று அப்பாவிடம் வியந்தவள், சட்டென்று என்னைப் பார்த்தாள். என்னைப் புறவாசலுக்குக் கூட்டிப் போனாள்.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. மருந்தை இங்கனதான துப்புத? இந்த மண்ணத்தான தட்டுல போட்ட?”

“இல்லவே இல்ல அத்தை. சாமி சத்தியமா.”

குனிந்து இன்னும் இரண்டு தடவை கேட்டாள். நானா மசிவேன்? அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போனாள். அந்த நுண்ணுயிரும் தம்பி கணக்கிலேயே சேர்ந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறான்.

அன்று அத்தையின் ஒரு கையில் அவன் பெயர் எழுதிய மூடி இருந்தது, மறு கையில் பேனா. அடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெயரை மாற்றி என் பெயரை எழுதக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.