பின்னாலிருந்து தள்ளும் ட்ரெய்லர்

மலையில பேட்டரி லோடு ஆட்டோ ஓட்டறதுன்னா, மீட்டர் காட்டற கிலோமீட்டரை நம்பாம பிழைக்கிற தொழிலுங்க. ஏத்தத்துல நின்னுபோய் இறங்கித் தள்ளினவங்க யாராச்சும் இருந்தா, வாங்க, நாமெல்லாம் சொந்தம்.

மூடின ஃபேக்டரி

தேயிலை விலை படுத்ததுல எங்க ஊர் ஃபேக்டரியை மூடிட்டாங்க. அடுத்த ஃபேக்டரிக்கு இலை கொண்டு போக எஸ்டேட் ரோட்டுல பள்ளம் இறங்கி எதிர்மலை ஏறணும். என் வண்டி பாதி ஏத்தத்துலயே சார்ஜ் தீர்ந்து நின்னுடும். இலையோ சாக்குக்குள்ள சூடேறிச் சிவந்துட்டா எவனும் வாங்க மாட்டான். என் வண்டியை நம்பிப் பறிக்கிறது பன்னெண்டு குடும்பம்.

சார்ஜ் தீராம இருக்க, தனி பேட்டரியும் மோட்டாரும் வெச்ச ஒரு ட்ரெய்லரைப் பின்னால மாட்டலாம்னு நினைச்சேன். டீசல் வண்டிக்காரர் ஒருத்தர் அக்கறையா புத்தி சொன்னாரு: "ஏனுங்க அக்கா, இதை வித்துப்போட்டு நீங்களும் கொழுந்து பறிக்கப் போயிருங்க."

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

சர்வீஸ் சென்டர்

பைக்காரா டேம் பக்கம் விபத்துல நசுங்கின இதே மாடல் வண்டியோட பேட்டரியும் மோட்டாரும் கிடைச்சுது. வெல்டிங் பட்டறையில இரும்புச் சட்டம் அடிச்சு மாட்டினேன். ஒயரிங் விவரம் கேக்க சர்வீஸ் சென்டருக்குப் போனா, வாரண்டி போச்சுன்னாங்க. ஏத்தத்துல நின்னப்ப மட்டும் வந்து கிழிச்சீங்களாக்கும்னு கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "இனிமே உங்க வண்டிக்கு நாங்க யாருமில்லைங்க."

கொண்டை ஊசி வளைவு

முதல் சோதனை. ஆட்டோ வளையுது, ட்ரெய்லர் நேரா தள்ளுது. ரெண்டும் மல்லுக்கட்டி, ஆட்டோ மூஞ்சி தேயிலைச் செடிக்குள்ள போயிருச்சு. வெக்கத்தை விட்டு அழுதேன். அப்புறம், ஹேண்டிலைத் திருப்பினா ட்ரெய்லர் மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வெச்சேன். ஆனா அன்னிக்கு அங்க பறிச்சுக்கிட்டிருந்த அம்மா, கூடையைக்கூட இறக்காம கேட்டதை மறக்க முடியலை: "செடியை வெட்டிக் கவாத்து பண்ண வந்தீங்களா?"

முழு சார்ஜ்

மறுவாரம் ரெண்டு பேட்டரியையும் முழுசா ஏத்திக்கிட்டுப் பெருமையா கிளம்பினேன். இறக்கத்துல மோட்டார் கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். அதுலதான் வண்டி இழுத்துப் பிடிக்கும். பேட்டரி நிறைஞ்சிருந்தா கரண்டு எங்க போகும்? வண்டி பிடிக்கவே இல்லை. பிரேக் தீய்ஞ்சு நாறுச்சு, மண்திட்டுல உரசித்தான் நிறுத்தினேன். மேட்டு ஊர்ல இருந்து முதல்ல இறங்கறவ கொஞ்சம் குறைச்சுத்தான் ஏத்தணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடலை. ஊட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டாரு: "ஊரே சார்ஜ் பத்தலைன்னு அழுவுது, நீ ஒருத்திதான் ஜாஸ்தியாயிருச்சுன்னு அழுவுற."

ஃபேக்டரி கேட்

பன்னெண்டு குடும்பத்து இலையோட எதிர்மலை ஏறினேன். நிக்கலை. கேட்டுல சூப்பர்வைசர் ட்ரெய்லரை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. அடியில இருந்த சாக்கை அவுத்து முழங்கை வரைக்கும் கையை விட்டாரு. உள்ள சூடா இருந்தா அத்தனையும் குப்பை, நாளையிலிருந்து யாரும் எனக்கு இலை தர மாட்டாங்க. கையை எடுத்து, இலையை மோந்து பார்த்துட்டு மெதுவாச் சொன்னாரு: "ஜில்லுன்னு இருக்குது. நாளைக்கும் கொண்டாங்க."

தேயிலை விலை இன்னும் படுத்தேதான் கிடக்குது. அதை மேல தள்ளத்தான் எங்கிட்ட ட்ரெய்லர் இல்லை.