பண்ணையாரின் வெளுத்த மூக்கு

திண்டிவனத்தில் ராயப்பன் நடத்திய அச்சகத்தில் ஒரு வேலைக்கு மட்டும் ஆண்கள் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. பல் வைத்த வளைந்த உளியைச் செப்புத் தகட்டின் மேல் தொட்டில்போல் ஆட்டி, நெடுக்கு, குறுக்கு, மூலை என்று பத்து நாள் சொரசொரப்பாக்க வேண்டும். அதில் மை பூசி அச்சிட்டால் வெறும் கறுப்புதான் விழும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி வழவழப்பாக்கினால், கறுப்புக்குள்ளிருந்து படம் எழும்பி வரும். சுரண்டுவது கலை என்பதால் ராயப்பன் வைத்துக்கொண்டார். ஆட்டுவது வெறும் உழைப்பு. அதை 1937இல் ஜெயம் என்ற பெண்ணுக்குக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. கலையும் ஜெயத்திடம் வந்து சேர்ந்தது, பெயர்ப்பலகை வரவில்லை.

அந்த வருஷம் பண்ணையார் தேவநாதனுக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தம் படத்தைக் கொடுக்க ஆசைப்பட்டார். ஜெயத்தின் அப்பா மண்ணாங்கட்டி அவர் நிலத்தில் உழுதவர். பண்ணையார் வந்தால் தலைகுனிந்து ஒதுங்க வேண்டும் என்று வளர்ந்தவள், இப்போது மூன்று நாள் அவர் முகத்தையே உற்றுப் பார்க்க வேண்டியதாயிற்று. அவரும் பொறுத்துக்கொண்டார். கலைக்காக மனிதன் எவ்வளவு தியாகம் செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் அச்சைப் பார்த்தார். “இன்னா இது, இவ்ளோ கருப்பா கீது? வெளுப்பாக்கு.”

தேய்த்தாள்.

“இன்னும்.”

“இதுக்கு மேல தேச்சா மூக்கு பூடுங்க ஐயா.”

“எனக்கே சொல்றியா? தேய்.”

தேய்த்தாள். மூக்கு போயிற்று. மீசை மட்டும் அந்தரத்தில் நின்றது. நிறம் பண்ணையாருக்குப் பிடித்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பாஞ்சாலி நெடுநேரம் பார்த்தாள்.

“யாருங்க இது, உங்க மீசைய வச்சிக்கினு?”

மறுநாள் காலையிலேயே அச்சகத்துக்கு வந்தார். “மூக்க திரும்ப வையி.”

“வைக்கலாங்க. மொகம் பூரா மறுபடி கருப்பாக்கணும். ஐயாவும் மறுபடி ஒக்காரணும்.”

உட்கார்ந்தார். இம்முறை வாய் திறக்கவில்லை. கண்ணுக்குக் கீழே சுருக்கம், கன்னத்தில் அம்மைத் தழும்பு எல்லாம் உள்ளபடி விழுந்தன. விழாவுக்கு வந்தவர்கள் அச்சு அசல் என்றார்கள். பட்டணத்தில் ஒரு துரை செய்தது என்று பண்ணையார் அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி அதைக் கேட்டு வந்து மகளிடம் சொன்னார். ஜெயம் சிரித்துவிட்டாள்.

யுத்தத்தில் செம்பு கிடைக்காமல் போகவே, ராயப்பன் இருந்த தகடுகளைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு அச்சகத்தை மூடினார். ஜெயம் விழுப்புரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நெகட்டிவ் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். தேசம் சுதந்திரம் அடைந்த மாதம், உட்கார்ந்து வேலை செய்ய அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.