வாட்டிய மேசை

ஊதுகாற்றில் காயாத பொருளே உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை அரைக்க அனுப்புமுன் சூடான காற்றை ஊதி வாட்டியே பாதி ஆயுளைக் கழித்தவன் வேறு எதை நம்புவான்?

மகள் தானே விரும்பித் தேர்ந்த இடம். கல்யாணத் தேதி குறிக்க ஹல்துமுல்லையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக இருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையிலோ சூட்டோடு சட்டி வைத்த வட்டங்கள்.

"துணிய விரிச்சிட்டா போச்சு" என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி, சேண்ட் பேப்பரால் தேய்த்து, வெள்ளிக்கிழமை வார்னிஷ் அடித்தேன். போனில் பார்த்த வீடியோக்காரர் ஒரு நாள் காயவிடச் சொன்னார். அவர் ஊரில் வெயில் அடித்தது. பெரகலைக்கு மேலே மலையில் எங்களுக்கு மூடுபனிதான்.

சனிக்கிழமை தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டியது. சம்பந்தி முழங்கையை ஊன்றுவார், சட்டை மேசையோடு நின்றுவிடும், அவர் மட்டும் எழுந்து போவார், கல்யாணமும் அவர் பின்னாலேயே போகும். மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

மேசையைச் சமையலறைக்கு இழுத்தேன். விறகடுப்புக்கு இந்தப் பக்கம் ஃபேன், அந்தப் பக்கம் மேசை. முழு வேகத்தில் ஊதவிட்டேன். மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கியது. அடியில் பிசுபிசுப்பு. மேலெல்லாம் சாம்பல்.

மனைவி குனிந்து பார்த்தாள். "நல்லா வாடியிருக்கு. அரைக்க அனுப்பிறலாமா?"

ஞாயிற்றுக்கிழமை மேசையை மூலையில் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். "நல்ல காரியங்க, கீழ உக்காந்து சாப்பிட்டாத்தான் சிறப்பு" என்று வந்தவர்களிடம் இல்லாத சம்பிரதாயம் ஒன்றை அளந்தேன். கதவோரம் நின்ற மகள் என்னை முறைத்தாள்.

சம்பந்தி நேரே மேசையிடம் போனார். பெருவிரலை அழுத்தினார். விரல் வர மறுத்தது.

"அடுப்புக்கிட்ட வச்சீங்களா?"

"ஆமாங்க."

"ஃபேனும் போட்டீங்களோ?"

தலையாட்டினேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

விரலைப் பிய்த்தெடுத்துக்கொண்டு சொன்னார்: "நானும் கொழுந்து வாட்டுன ஆளுதானுங்க. எங்க வீட்டு வாசக்கதவ இப்படித்தான் வாட்டி வச்சிருக்கேன். கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தப் பக்கம் வந்துறாதீங்க சம்பந்தி."

பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேதி குறித்தோம். அடுத்த வாரம் வெயில் வந்ததும் மேசை வாசலில் தானாகக் காய்ந்தது, அவருடைய பெருவிரல் தடத்தோடு.