நெட்டு ஸ்லோவா, கதை ஸ்லோவா?

1. ஒரே வாரத்தில் ஒன்பது கம்ப்ளைண்ட்

கும்மிடிப்பூண்டியில் கேபிளும் பிராட்பேண்டும் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் பதினாறு வருடமாக நான்தான் கம்ப்ளைண்ட் டெஸ்க். போன் வந்தால் எடுப்பது, ரெஜிஸ்டரில் எழுதுவது, லைன்மேனை அனுப்புவது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, என் வேலை போகப் பார்த்த ஒரு வாரத்தை எழுதி வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஓனர் தனசேகர் ரெஜிஸ்டரை என் மேஜை மேல் தொப்பென்று போட்டார்.

“இன்னா விமலா இது? ஒரே வாரத்துல ஒம்போது பேரு ‘ஸ்லோ’ன்னு கம்ப்ளைண்ட். ஆனா ஸ்பீடு சூப்பரா கீதுங்கறான் இவன்.”

லைன்மேன் யேசுபாதம் தலையைச் சொறிந்தார். “சார், நெட்டு ஸ்லோ இல்ல. அவங்க பாக்கற கதை ஸ்லோ. ஒம்போது ஊட்லயும் ஒரே சீரிஸ்தான் ஓடுது. யாரு பாக்கச் சொன்னாங்கன்னு கேட்டா, ‘உங்க ஆபீஸ்ல போன் எடுக்குதே, அந்தம்மா’ங்கறாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரெஜிஸ்டரைப் பார்த்தேன்.

2. ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் வரை

தப்பு என்னுடையதுதான். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னால், லைட் பச்சைக்கு வர நாலு நிமிடமாகும். அதுவரை கஸ்டமர் லைனிலேயே இருப்பார். நாம் சும்மா இருந்தால் திட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் பேச்சுக் கொடுப்பேன். பேச்சு எனக்குப் பிடித்த கதைகளில் போய் நிற்கும். அவற்றில் கொலை இருக்கும், துரத்தல் இருக்காது. யார் கொன்றது என்பதைவிட, செத்தவனின் தம்பி ஏன் சாப்பிடவில்லை, விசாரிக்கிற இன்ஸ்பெக்டரம்மா ஏன் தன் வீட்டுக்குப் போகத் தயங்குகிறாள் என்றே கதை நிதானமாக நகரும்.

அந்த மாதம் நான் எல்லோருக்கும் சொன்னது, மலையடிவார ஊர் ஒன்றில் ஒருவன் காணாமல் போகும் எட்டு எபிசோட் கதை. முதல் எபிசோடில் அவன் மனைவி கதவைத் திறந்து வாசலைப் பார்ப்பாள். இரண்டாவதில் கதவை மூடுவாள். “செம கதை, பாருங்க” என்று மட்டும்தான் சொல்வேன். மெதுவாகப் போகும் என்று சொன்னால் யார் பார்ப்பார்கள்?

3. முனுசாமி ஐயா

ஒன்பது பேரில் கடுமையானவர் முனுசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். “கனெக்‌ஷன எடுத்துக்கினு போங்க” என்றே சொல்லிவிட்டார். அவர் மாறினால் அந்தத் தெருவே வேறு கம்பெனிக்கு மாறிவிடும்.

“நீயே வந்து பேசு. அந்தத் தெரு போச்சின்னா நீயும் போலாம்” என்று ஓனர் என்னைத் தன் வண்டியிலேயே கூட்டிப் போனார்.

கதவு திறந்ததும் ஓனர் பல்லைக் காட்டி, “ஐயா, நெட்டு...” என்று ஆரம்பித்தார்.

“நெட்ட யாரு கேட்டா?” முனுசாமி என் பக்கம் திரும்பினார். “போன்ல பேசற அந்தம்மா நீதானா? உக்காரு. பெரிய பேஜாரு பண்ணிட்டம்மா. மூணாவது எபிசோடுல அந்தப் பொம்பள சோறு ஆக்கறத அஞ்சி நிமிசம் காட்றான். அரிசி வேவறத எல்லாம் நான் எதுக்கும்மா பாக்கணும்?”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ரிமோட்டை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டார். மனைவி சோற்றை வடித்து, ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பாத்தியா? புருசன் காணாம நாலே நாளுதான் ஆவுது. ஒரே தட்டு எடுக்கறா. இவதான் கொன்னுட்டா.”

“அத வெச்சி எப்படிங்கய்யா சொல்றீங்க?”

“என் ஊட்டுக்காரி போயி எட்டு மாசமாவுது. நானேதான் தூக்கிக்கினு போனேன். அப்பவும் என் கை ரெண்டு தட்டுதாம்மா எடுக்குது.”

எட்டு எபிசோடும் பார்த்தவள் நான். அந்தத் தட்டை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. அவள் கொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முடிவைச் சொல்லக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அப்போ பொணம் எங்க கீது?”

கேட்டது ஓனர். நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். முனுசாமி நாலாவது எபிசோடை ஆரம்பித்தார். ஆபீஸிலிருந்து யேசுபாதம் இரண்டு தடவை கூப்பிட்டார். ஓனர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

4. மறுபடியும் போன்

மூன்றாம் நாள் காலை முனுசாமியே கூப்பிட்டார்.

“நான்தான் தப்பு பண்ணிட்டேம்மா. அவ கொல்லல. அவன் தன்ன உட்டுட்டு ஓடிட்டான்னு நெனச்சிக்கினு இருந்திருக்கா. இனிமே வரமாட்டான்னுதான் ஒரு தட்டு. நான் பாட்டுக்கு மீதி எபிசோடு பூரா அவளத் திட்டிக்கினே பாத்தேன்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “கடைசில அவன் ஓடல, செத்துட்டான்னு சேதி வருது பாரு, அப்பதான் ரெண்டாவது தட்ட எடுத்து வெக்கிறா. டிவிய ஆஃப் பண்ணிட்டு அப்டியே உக்காந்துட்டேன்.”

“கனெக்‌ஷன எடுத்துடலாமாங்கய்யா?”

“வெளாடறியா? அடுத்தது இன்னா பாக்கறது, சொல்லு.”

நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது. அதில் மனைவி சாவாள். சொல்லவில்லை. கேட்பவர் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமலே இத்தனை வருடமாக எனக்குப் பிடித்ததை எல்லோர் தலையிலும் கட்டியிருக்கிறேன். முதல் தடவையாக, சொல்வதற்கு முன்னால் கேட்டேன். இன்றுவரை அப்படித்தான் கேட்கிறேன்.

“உங்களுக்கு எந்த மாதிரி கதை வேணுங்கய்யா?”

நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஸ்லோவா போனாலும் பரவால்ல. யாரு வோணாலும் சாவட்டும். புருசன் பொஞ்சாதி மட்டும் கடைசி வரிக்கும் உசுரோட இருக்கணும்.”