தூங்குற கிருமிக்கும் அடுப்பு எரியும்

போன வருடம் தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக இருந்த நேரம். உத்திரமேரூர் பக்கம், மானாம்பதியைத் தாண்டி எங்கள் ஊர். நான் இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டிப் பிழைக்கிறவன்.

அதற்கு முன் புரட்டாசியில் பிடித்த இருமல் ஐப்பசி வந்தும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சளியை எடுத்துப் பார்த்து டிபி என்றார்கள். மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று எனக்குப் பயம். கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தேன். மச்சான் வீட்டுக்குக்கூட அதே கதைதான்.

அந்தச் சிவப்பு மாத்திரை இருக்கிறதே, அது படுத்தின பாடு! காலையில் நாஷ்டா இறங்காது, குமட்டும். சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரி போகும். களத்தில் நாலு பேர் ஒன்றாக ஒதுங்கினால் நான் மட்டும் வாய்க்காலைத் தாண்டி அந்தக் கோடிக்குப் போக வேண்டும். "இன்னாய்யா, உனக்கு மட்டும் தனி ரூட்டா?" என்று கிண்டல் வேறு.

ரெண்டு மாதம் கழித்து மறுபடி சளியைப் பார்த்ததில் கிருமி இல்லை என்று வந்தது. உடம்பும் தேறிவிட்டது. அவ்வளவுதான், அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்துவிட்டேன். "நாளையிலேர்ந்து மாத்திரை கிடையாது. பேஜாரா கீது."

என் சம்சாரம் கெஞ்சினாள். நான் மசியவில்லை. வாசல் விளக்கடியில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் பெண் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள்.

"நைனா, கிருமி ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி தன்னோட டிஎன்ஏ மொத்தத்தையும் இன்னொண்ணு பண்ணிக்கும். அதுக்குப் பேரு இரட்டிப்பாதல். மத்த நேரத்துல தேவைப்படற துண்டை மட்டும் நகல் எடுத்துக்கினு வேலையை ஓட்டும். அது படியெடுத்தல்."

"அதுக்கும் எனக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"கீது. உன் உடம்புல இன்னும் கொஞ்சம் கிருமி பெருகாம தூங்கிக்கினு கீது. அது டெஸ்ட்டுல மாட்டாது. பெருகற கிருமியைக் கொல்ற மருந்துக்கும் சரியா மசியாது. ஆனா உயிரோட இருக்கணும்னா அப்பப்போ படியெடுத்தே ஆவணும். நீ முழுங்கற செவப்பு மருந்து அதைத்தான் நிறுத்துது. இப்போ வுட்டியானா அதெல்லாம் எழுந்து மறுபடி பெருகும்."

எனக்கு எங்கள் பிழைப்புதான் ஞாபகம் வந்தது. "நடவு இல்லாத மாசத்துலயும் வூட்டுல அடுப்பு எரியுதே, பானையிலேர்ந்து ஒரு படி அரிசி எடுத்து. அந்த மாதிரியா?"

"ஆமா நைனா. ஆனா அரிசி எடுத்தா பானை குறையும். டிஎன்ஏ எவ்ளோ படியெடுத்தாலும் குறையாது."

"அப்படி ஒரு பானை நம்ம வூட்டுல இல்லாம போச்சே," என்றாள் என் சம்சாரம். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

"மாத்திரை சமாச்சாரம்கூட புக்குல கீதா?" என்று கேட்டேன்.

"இல்ல. டீச்சரைக் கேட்டேன்."

"யாருக்குன்னு சொன்ன?"

"எங்க நைனாவுக்குன்னுதான். கிளாஸ்லதான், எழுந்து நின்னு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை நாள் வாய்க்காலைத் தாண்டித் தாண்டிக் காப்பாற்றியதை இவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே! மானத்தை வாங்கிட்டியே என்று கத்தினேன். அவள் நகரவில்லை.

"யார் இன்னா சொன்னா எனக்கு இன்னா? நீ இருக்கணும் நைனா."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் என் சம்சாரம்தான் மெதுவாகச் சொன்னாள். வகுப்பில் எழுந்தபோது பிள்ளைக்குக் கைகாலெல்லாம் நடுங்கியதாம். பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாளாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் குமட்டலோடு குமட்டலாக மாத்திரையை விழுங்கிவிட்டுக் களத்துக்குப் போனேன். வாய்க்காலைத் தாண்டவில்லை. பக்கத்தில் நின்றவன் உற்றுப் பார்த்தான். "டிபி மாத்திரை. அப்படித்தான் செவப்பா போவும்" என்றேன். "அட, எங்க மாமனாருக்கும் அதான்யா" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் பீடிக்கு நெருப்பு தேடினான். இதற்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று இருந்தது.

சித்திரையில் மருந்தை முடித்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். ஆனாலும் என் பெண் ஏதாவது கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம், எனக்காக நடுங்கிக்கொண்டே எழுந்து நின்ற அந்தக் கால்கள்தான் என் கண்ணுக்குத் தெரிகின்றன.