வலப்பக்கம் மடிந்த கத்தி

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில், தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில், பைறோஸாவின் தீட்டுச் சக்கரம் சுற்றத் தொடங்கி இரண்டு மாதம். பதினொரு வருடம் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் இறைச்சி வெட்டியவள். அங்கே மழுங்கிய கத்திகளோடு மல்லாடித்தான் தீட்டக் கற்றாள். இந்த மூலையை வாங்கிக் கொடுத்தவர் மாடிச் சங்கச் செயலாளர் சரோஜினிதேவி. அவர் முகம் சுளித்தால் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிராண்ட்பாஸிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கத்தி கைக்கு வந்ததும் பைறோஸா முதலில் விளிம்பில் நகத்தை மெல்ல உரசிப் பார்ப்பாள். பாவிக்கப் பாவிக்க விளிம்பு ஒரு பக்கம் மடியும். வலக்கைக்காரரின் கத்தி இடப்பக்கம். இடக்கைக்காரரின் கத்தி வலப்பக்கம். சரோஜினிதேவியின் கத்தி மூன்று வாரமாக வலப்பக்கமே மடிந்து வந்தது. அவரோ வலக்கையால் கையெழுத்து வைப்பவர்.

நான்காவது வாரம் வாய் பொறுக்கவில்லை.

"ஆன்டி, ஒங்கட கத்திய வேற ஆராச்சும் பாவிக்கிறாங்களா?"

"ஆர் இருக்கினம் பிள்ளை? நானும் டிவியும்தான்."

"இடது கைக்காரங்க வெட்டின மாதிரி இரிக்கி. அங்கிளுக்கு இடது கையா?"

"அவரோ! செத்து ஆறு வருஷம். உயிரோட இருக்கேக்கையே அந்த மனுசன் குசினிப் பக்கம் எட்டிப் பாத்ததில்லை. இனியா வரப்போறார்?" சிரிப்பு பாதியில் நின்றது. "விடிய எழும்பினால் வெங்காயம் வெட்டிக் கிடக்கும். மறதியிலை நான்தான் வெட்டிப்போட்டன் எண்டு நினைச்சனான்."

அவர் மேலே போய், வீட்டிலிருந்த மற்ற மூன்று கத்திகளையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நாலும் உன்னட்டை இருக்கட்டும்."

மூலையை நினைத்து பைறோஸா மறுக்கவில்லை. தன் வீட்டு அலுமாரிக்கு மேல் பொட்டலத்தைக் கட்டி வைத்தாள்.

மூன்றாம் நாள் சரோஜினிதேவி போன் எடுத்தார். "நல்ல நித்திரை பிள்ளை. கடையிலை வெட்டின மரக்கறிதான் வாங்குறன்."

அன்று மாலை பச்சைமிளகாய் வெட்டத் தன் கத்தியை எடுத்தாள் பைறோஸா. பழக்கத்தில் நகம் விளிம்பில் ஓடியது. வலப்பக்கம் தடுக்கியது. அவளும் வலக்கைக்காரி, மகளும் வலக்கைக்காரி.

"ஹிபா, இதால என்ன வெட்டின?"

"நானா?" மகள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான் குசினில வேல செஞ்சா அது பேப்பர்ல வரும் உம்மா."

மறுநாள் ஐந்து கத்திகளையும் சக்கரத்துக்குக் கொண்டுபோனாள். தீட்டுகிற எவரும் செய்யாததைச் செய்தாள். விளிம்புகளைக் கல்லுக்கு நேர் நிமிர்த்திப் பிடித்து, விரலால் அழுத்தினாலும் கீறாதபடி அடிமட்டத்தின் ஓரம் போல் தட்டையாக்கினாள். அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

விடிந்தபோது பலகையில் வெங்காயம் இருந்தது. வெட்டுப்படவில்லை, நசுங்கியிருந்தது. ஒன்றும் சிதறாமல், வரிசையாக, ஒவ்வொரு துண்டும் பொறுமையாக நசுக்கப்பட்டிருந்தது. வரிசையின் முடிவில் மட்டும் பலகையிலேயே விரற்கடை ஆழத்துக்குப் பள்ளங்கள். அந்தப் பள்ளங்கள் பொறுமையாக விழுந்தவை அல்ல.

உள்ளறையில் ஹிபா புரண்டு படுத்தாள்.

பைறோஸா கதவை மெல்லச் சாத்தினாள். கல்லை நனைத்துத் தன் கத்தியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போன விளிம்பைத் திரும்பக் கொண்டுவர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. இடக்கைக்குத் தோதான சரிவில் தீட்டினாள். நகத்தில் உரசிப் பார்த்தாள். திருப்தியில்லாமல் இன்னும் பத்து இழுப்பு இழுத்தாள்.

பலகையைக் கழுவித் துடைத்து, கைப்பிடி இடப்பக்கம் பார்க்கக் கத்தியை வைத்தாள். பிறகு கூடையிலிருந்து இரண்டு வெங்காயம் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.